பெயரை அழித்த கம்ப்யூட்டர்

ஏப்ரல் 6

தம்பிக்கு,

கம்ப்யூட்டரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். திரை, கீபோர்டு, மவுஸ், இரண்டு வயர், நீங்கள் கையால் எழுதிக் கொடுத்த குறிப்புத்தாள் எல்லாம் அதே பெட்டிக்குள் இருக்கின்றன. சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் தேதி ஆஸ்பத்திரியில் பதிவு மேசை வேலைக்கான தேர்வு நடந்தது. நான் தேறவில்லை. எங்கள் சலவைப் பிரிவை ஜூலை கடைசியில் மூடுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்குள் பதிவு மேசைக்கு மாறாவிட்டால் பன்னிரண்டு வருஷமாகப் பார்த்த வேலை போய்விடும் என்பதும் தெரியும். ஜூன் இருபத்தைந்தில் இன்னொரு தேர்வு வைக்கிறார்கள். அதில் என்னை உட்கார விடுவார்களா என்பதே இப்போது சந்தேகம்.

தேர்வு முடிந்த அன்று மாலை, பதிவு மேசையில் இருக்கும் என் சிநேகிதி வீட்டுக்கு வந்தாள். கம்ப்யூட்டரைப் போடச் சொன்னாள். பத்து நிமிஷம் அங்கே இங்கே தட்டிப் பார்த்தவள் என் பக்கம் திரும்பி, "இது விண்டோஸே இல்லை. அது மாதிரி யாரோ வேஷம் போட்டு வச்சிருக்காங்க" என்றாள்.

அந்த யாரோ யார் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. என் வீட்டுக்காரருடைய தம்பி என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

பெட்டி கட்டும்போது பாப்பா அழுதாள். உங்கள் அண்ணன் வழக்கம்போலப் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார். போன் செய்யாதீர்கள், எடுக்க மாட்டேன்.

அண்ணி

---

ஏப்ரல் 11

அன்புள்ள அண்ணிக்கு,

ஏழு தடவை போன் செய்துவிட்டேன். அண்ணனுக்கும் செய்தேன். எனக்கு ஒன்றும் தெரியாது, அவளிடமே பேசு என்று வைத்துவிட்டார். சரி, நானும் எழுதுகிறேன். பேனா பிடித்து ஒரு முழுப் பக்கம் எழுதி எத்தனை வருஷம் ஆகிறதோ, கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

முதலில் என் பக்கத்தைக் கேளுங்கள். எங்கள் பட்டறைக்கு வருவதெல்லாம் ஆபீஸ்காரர்கள் கழித்துப் போட்ட எட்டு வருஷத்து மெஷின்கள். தூசி தட்டி, ஹார்ட் டிஸ்க் மாற்றி, ஓடுகிற நிலைக்குக் கொண்டுவந்து, கம்ப்யூட்டர் வாங்க வசதியில்லாத வீடுகளுக்குக் கொடுக்கிறோம். புது விண்டோஸை அதில் ஏற்றினால் மூச்சு வாங்கும். லைசென்ஸும் எங்களிடம் கிடையாது. அதனால்தான் லினக்ஸ், விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரை ஓட்டுகிற இலவச மென்பொருள். யார் வேண்டுமானாலும் எடுத்துப் போடலாம், நாலு பேருக்குக் கொடுக்கலாம், பழைய மெஷினிலும் ஓடும். அதிலேயே ஐந்து விதத்தை ஏற்றி, ஒவ்வொன்றையும் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து, இதுதான் தேறும் என்று தேர்ந்தெடுத்தவன் நான்.

முதலில் கொடுத்த மூன்றும் ஒரே வாரத்தில் திரும்பி வந்தன. ஒரு அம்மா பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு, இது ஏழைகள் கம்ப்யூட்டர் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டார்கள், என் பெண் தொடமாட்டேன் என்கிறாள் என்று போய்விட்டார். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அன்றைக்குத்தான் அந்த யோசனை வந்தது. பட்டன், படம், எழுத்து, ஃபைல் பெட்டியின் நிறம் வரைக்கும் விண்டோஸ் மாதிரியே மாற்றினேன். ஆன் செய்ததும் வருகிற பெயரை அழித்துவிட்டு 'வருக' என்று போட்டேன். உங்கள் வீட்டைச் சேர்த்துப் பதின்மூன்று வீடு, அண்ணி. ஒருவர்கூடக் கண்டுபிடிக்கவில்லை. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. உங்களிடமிருந்து வந்ததுதான் முதல் பெட்டி.

விண்டோஸ்தான் வேண்டும் என்றால் தெரிந்தவர் ஒருவரிடம் காப்பி இருக்கிறது. பட்டறைக்குத் தெரியாமல் போட்டு அனுப்பிவிடுகிறேன். ஒரு தேர்வு போனால் என்ன, அதுதான் இன்னொன்று இருக்கிறதே.

உங்கள் கொழுந்தன்

---

ஏப்ரல் 15

தம்பிக்கு,

ஒரு தேர்வு போனால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். என்ன போனது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருந்தது. எந்த மென்பொருளில் பயிற்சி என்று. விண்டோஸ், எக்ஸெல் என்று எழுதினேன். திரையில் அட்டவணைப் படத்துக்குக் கீழே நீங்கள் அப்படித்தானே எழுதி வைத்திருந்தீர்கள்? அறையில் ஐம்பது நோயாளிகளின் பட்டியலைக் கொடுத்து, தேதி வாரியாக அடுக்கித் தலைப்புப் போட்டு அச்செடுக்கச் சொன்னார்கள். நான் வீட்டில் பேசிக்கொண்டே செய்கிற வேலை அது. அங்கே என் கை போன இடத்தில் எதுவும் இல்லை. எல்லாம் பார்த்த மாதிரி இருக்கிறது, ஒன்றும் அகப்படவில்லை. எனக்குத்தான் மறந்துபோய்விட்டது என்று நினைத்தேன். நாற்பத்தோரு வயசில் இந்த மண்டையில் இனி எதுவும் ஏறாது என்று நினைத்தேன். சுற்றி எல்லோரும் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

மேற்பார்வை பார்த்த அம்மா என் பின்னால் வந்து நின்றார்.

"எதுல பழகினீங்க?"

"விண்டோஸ்லங்க."

"இதுவும் அதுதானேம்மா?"

என் விண்ணப்பத்தை எடுத்து, ஓரத்தில் சிவப்பு மையில் 'தகவல் உண்மையல்ல' என்று எழுதினார், என் கண் முன்னாலேயே. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தலையணை உறை குறைகிறது என்று யாரும் என்னைக் கேட்டதில்லை, தம்பி. இப்போது என் காகிதத்தில் பொய்க்காரி என்று எழுதியிருக்கிறது. அதே காகிதத்தைத்தான் ஜூனிலும் எடுப்பார்கள்.

நீங்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று உங்கள் அண்ணன் அதிசயமாக வாயைத் திறந்து சொன்னார். எனக்கும் தெரியும். ஆனால் நாங்கள் எதைத் தாங்குவோம், எதைத் தாங்கமாட்டோம் என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். அண்ணி, இது வேறு, இதன் பெயர் இது, இலவசம்தான் ஆனால் நல்லது என்று நாலு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வாசலில் வைத்துவிட்டா போயிருப்பேன்?

திருட்டுக் காப்பி வேண்டவே வேண்டாம். இருக்கிற பொய் போதும்.

போனை ஏன் எடுப்பதில்லை என்றும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பேச ஆரம்பித்தால் நான் கேட்டுக்கொண்டு மட்டும்தான் இருக்க முடியும். எழுதினால் நானும் பேசலாம்.

லினக்ஸ் என்று எழுதியிருந்தீர்கள். அதன் பெயர் அவ்வளவுதானா, இன்னும் ஏதாவது இருக்கிறதா?

அண்ணி

---

ஏப்ரல் 24

அண்ணிக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். பட்டறையில் எதைத் தொட்டாலும் பாதியில் விட்டுவிட்டு வேறொன்றைத் தொடுகிறேன். நேற்று ஒரு மெஷினுக்கு விசிறியே வைக்காமல் மூடியைப் பூட்டிவிட்டேன்.

முழுப்பெயர் லினக்ஸ் மின்ட். அட்டவணை போடுகிற மென்பொருளின் பெயர் லிப்ரே ஆபிஸ் கால்க். எக்ஸெல் என்று எழுதியது என் கை. மன்னித்துவிடுங்கள். ஆஸ்பத்திரிக்கு என்ன வேண்டுமானாலும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

இன்னொரு தப்பும் செய்துவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் மெஷினைத் திறந்து பார்த்தேன். நீங்கள் பழகிய ஃபைல்கள் அப்படியே இருக்கின்றன, நூற்று நாற்பதுக்கு மேல். நோயாளி: கொழுந்தன். உபாதை: பேச்சு நிற்காமை. சிகிச்சை: பலனில்லை. நோயாளி: வீட்டுக்காரர். உபாதை: பேச்சு வராமை. இரண்டு பேரையும் ஒரே வார்டில் போடவும். இதைப் படித்துச் சிரித்தேன், அப்புறம் சிரிக்க முடியவில்லை. தினமும் வேலைக்குப் போகும் முன்னால் காலை ஐந்தே காலுக்கு உட்கார்ந்திருக்கிறீர்கள். நேரம் ஃபைலிலேயே பதிந்திருக்கிறது.

யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. வேஷம் யாருக்கும் தெரியவில்லை என்று எங்கள் கமிட்டிக்குப் பெருமையாக எழுதிக் கொடுத்திருந்தேன். தலைவருக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. ஜூனில் கொடுக்கப்போகிற நாற்பது மெஷினிலும் இதையே போடச் சொல்கிறார். மே இருபதில் கூட்டம். அதிலேயே என்னைப் பட்டறைப் பொறுப்பாளராகப் போடப்போகிறார்கள். நாலு வருஷமாகச் சனி, ஞாயிறு சும்மா உழைத்தவனுக்கு அதுவே உத்தியோகமாகப் போகிறது. இப்போது நான் போய் அது தப்பு என்று எப்படிச் சொல்வேன்?

கொழுந்தன்

---

ஏப்ரல் 29

தம்பிக்கு,

ஒருத்தருடைய ஃபைலைத் திறக்கலாமா என்று கேட்க வேண்டும் என்றுகூட உங்களுக்குத் தோன்றாதா? அடுத்த நோயாளிப் பட்டியலில் உங்களுக்குப் புது உபாதை ஒன்று சேர்க்கிறேன். உங்கள் அண்ணனிடம் அவருடைய உபாதையைப் படித்துக் காட்டினேன். சிரித்தார். கல்யாணமான புதிதில் சிரித்த மாதிரி சிரித்தார், அதற்காக ஒரு பாதி மன்னிப்பு.

நீங்கள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டாம். என் பெயரில் இருக்கிற கறையை நானே பேசிக் கழுவுகிறேன், சலவைக்காரிக்கு அதுகூடத் தெரியாதா?

எனக்கு வேண்டியது இரண்டு. அந்த வேஷத்தைக் கலைத்து, பெயர் எங்கெங்கே இருக்க வேண்டுமோ அங்கெல்லாம் வைத்து, அதே மெஷினை அனுப்புங்கள். வேறு வேண்டாம், அது எனக்குப் பழகிவிட்டது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் சிநேகிதி பதிவு மேசையில் கால் மணி நேரம் உட்கார விடுகிறாள். அங்கே விண்டோஸ், இங்கே இது. இரண்டையும் பழகுகிறேன்.

இரண்டாவது, மற்றப் பன்னிரண்டு வீட்டுக்கும் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். அந்த வீடுகளில் யார் எந்தத் தேர்வுக்குத் தயார் செய்துகொண்டிருக்கிறார்களோ எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அதை நினைத்தால் எனக்கு இருக்கிற இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. உங்கள் உத்தியோகம் முக்கியம்தான். என்னுடையதும் முக்கியமாகத்தான் இருந்தது.

அண்ணி

---

மே 9

அண்ணிக்கு,

மெஷின் நேற்று பார்சலில் போய்விட்டது. பார்க்க மொட்டையாக இருக்கும், பயப்படாதீர்கள்.

ஏழு வீடு போய்விட்டேன். முதல் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக ஐந்து நிமிஷம் நின்றேன். வாடகை வண்டி ஓட்டுகிறவர் வீடு அது. விஷயத்தைச் சொன்னதும், ஓடுதில்ல, அப்புறம் என்ன என்று கேட்டுவிட்டு டீ கொடுத்தார். எனக்குத் தைரியம் வந்துவிட்டது. இரண்டாவது வீட்டில் கதவு முகத்திலேயே சாத்தப்பட்டது. மூன்றாவது வீட்டில் பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டார்கள், சுமந்துகொண்டு பஸ்ஸில் வந்தேன்.

நான்காவது வீட்டில் ஒரு தையல்காரம்மா. அளவுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்க வேண்டும் என்று ஆசையாக வாங்கிப் போனவர். மெஷின் மேல் துணி போர்த்தி, அதன் மேல் நூல்கண்டு டப்பா வைத்திருந்தார். நான் சொல்லி முடித்ததும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். அப்புறம் சொன்னார்.

"தங்கச்சி வீட்டுல பார்த்த மாதிரி இல்லையேன்னு அப்பவே நெனச்சேன் தம்பி. எனக்குத்தான் புத்தி பத்தலைன்னு யார்கிட்டயும் கேக்கலை. மூடி வச்சுட்டேன்."

அண்ணி, அதற்குப் பிறகு போன மூன்று வீட்டில் இரண்டிலும் இதே கதைதான். ஒருவர்கூடக் கண்டுபிடிக்கவில்லை என்று உங்களிடம் பெருமை அடித்தேனே, இவர்களெல்லாம் கண்டுபிடித்திருக்கிறார்கள். மெஷினில் கோளாறு என்று நினைக்காமல் தன்னிடம் கோளாறு என்று நினைத்துக்கொண்டார்கள். அவர்களுடைய மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து நான் செய்த வேலை இது. தெருவில் நடந்து வரும்போது எனக்கு அழுகை வந்தது, சொல்வதற்கென்ன.

இன்னும் ஐந்து வீடு பாக்கி. கூட்டத்துக்குப் பதினோரு நாள். தலைவர் தினமும் கேட்கிறார், நாற்பதும் தயாரா என்று. வேலை நடக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கொழுந்தன்

---

மே 16

தம்பிக்கு,

நின்றுகொண்டே எழுதுகிறேன், பஸ்ஸுக்கு நேரமாகிறது.

மெஷின் வந்தது. ஆன் செய்ததும் பெயர் வருகிறது. பாப்பா அதை உரக்கப் படித்தாள். மொட்டையாகத்தான் இருக்கிறது, ஆனால் இது இதுதான் என்று தெரிகிறது. இரண்டையும் ஒன்றாகப் பழகுவது லேசு என்று நினைத்தேன். இல்லை. மதியம் அங்கே இதைத் தேடுகிறேன், காலையில் இங்கே அதைத் தேடுகிறேன். நேற்று துவைக்கிற மெஷினில்கூட பட்டன் தப்பாக அமுக்கிவிட்டேன். சில நாள் உங்கள் மேல் திரும்பவும் கோபம் வருகிறது, வந்த கோபத்தில் இரண்டு பக்கம் கூடுதலாக டைப் செய்கிறேன்.

மேற்பார்வையாளர் அம்மாவை மூன்று நாள் வராந்தாவில் காத்திருந்து பிடித்தேன். நடந்ததைச் சொன்னேன். நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை. எழுதிக் கொடுங்க, பார்க்கலாம் என்றார். எழுதிக் கொடுத்தேன். புது விண்ணப்பமும் கொடுத்தார்கள். அந்தக் கட்டத்தில் லினக்ஸ் மின்ட், லிப்ரே ஆபிஸ் கால்க் என்று எழுதி, விண்டோஸ் இப்போதுதான் பழகுகிறேன் என்றும் எழுதினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த குமாஸ்தா இதெல்லாம் எதுக்கும்மா என்றார். இருக்கட்டும் என்றேன்.

உங்கள் கூட்டத்தில் சுற்றி வளைக்காதீர்கள். நீங்கள் சுற்றி வளைத்தால் எங்கே ஆரம்பித்தீர்கள் என்று உங்களுக்கே மறந்துபோகும். தையல்காரம்மா சொன்னதை மட்டும் சொல்லுங்கள்.

அண்ணி

---

மே 22

அண்ணிக்கு,

சொல்லிவிட்டேன். தையல்காரம்மா சொன்னதை அப்படியே சொன்னேன், அதற்கு மேல் எதுவும் சேர்க்கவில்லை. நம்ப மாட்டீர்கள், மொத்தம் இரண்டு நிமிஷம்தான் பேசினேன்.

தலைவர் கொதித்துப்போனார். நன்கொடை கொடுத்தவர்களுக்கெல்லாம் அந்த அறிக்கையை அனுப்பிவிட்டாராம், இப்போது எந்த முகத்தோடு பேசுவது என்று கேட்டார். நியாயம்தான். பொறுப்பாளர் வேலை எனக்கு இல்லை. வேறு ஒருவரைப் போட்டுவிட்டார்கள், எனக்கு அடுத்து சேர்ந்தவர். நான் பழையபடி சனி, ஞாயிறு வந்து மெஷின் பிரிக்கலாம் என்றார்கள். வெளியே வந்து படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வலிக்கவில்லை என்று சொன்னால் அது இன்னொரு வேஷம்.

ஆனால் நாற்பது மெஷின் விஷயத்தில் நான் சொன்னது நடக்கிறது. நன்கொடையில் வந்த சில புது மெஷின்களில் லைசென்ஸோடு விண்டோஸ் இருக்கிறது, மற்றதில் லினக்ஸ். ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதி, மேசையில் போட்டுவைத்து, வருகிற வீட்டுக்காரர்கள் அரை மணி நேரம் தட்டிப் பார்த்துத் தாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். எது எதற்கு உதவும், எது உதவாது என்று மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தச் சொல்லுகிற வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். பேச்சு நிற்காத உபாதைக்கு ஒரு பலன் வந்துவிட்டது.

மீதி ஐந்து வீட்டுக்கும் போய் வந்தாயிற்று, பன்னிரண்டில் ஐந்து மெஷின் திரும்பி வந்துவிட்டன. தையல்காரம்மா திருப்பித் தரவில்லை. நூல்கண்டு டப்பாவை இறக்கி வைத்துவிட்டார்.

ஜூன் இருபத்தைந்து வரை உங்களுக்கு எழுதித் தொந்தரவு செய்யமாட்டேன். எனக்கும் இங்கே இருப்புக் கொள்ளாது.

கொழுந்தன்

---

ஜூன் 28

தம்பிக்கு,

நேற்று முடிவு ஒட்டினார்கள். இந்தத் தடவையும் தேறவில்லை.

பதறாதீர்கள், முழுவதும் படியுங்கள். பட்டியலை அடுக்கினேன், தலைப்புப் போட்டேன், அச்செடுத்தேன். கை எங்கேயும் தவறிப் போகவில்லை. ஒரு இடத்தில் மட்டும் தேட வேண்டியிருந்தது, தேடினேன், கிடைத்தது. அதில் எனக்கு நல்ல மதிப்பெண். அந்த அம்மா என் பின்னால் வந்து நின்றபோது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்புறம் டைப்பிங். நிமிஷத்துக்கு முப்பது வார்த்தை வேண்டும். நான் அடித்தது இருபத்தேழு.

மூன்று வார்த்தை, தம்பி. வீட்டுக்கு வந்து நன்றாக அழுதேன். உங்கள் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, "மூணுதானே" என்றார். அந்த ஒற்றை வார்த்தைக்கு அவரை அடிக்கலாம் போலவும் இருந்தது, தோளில் சாயலாம் போலவும் இருந்தது.

ஜூலையோடு சலவை முடிகிறது. சமையல் கட்டில் தட்டு எடுக்கிற வேலைக்குத் தற்காலிகமாகப் போடுகிறார்கள், மூன்று மாதத்துக்கு. செப்டம்பர் பதினெட்டில் கடைசித் தேர்வு. வாருங்கள் என்று மேற்பார்வையாளர் அம்மாவே சொன்னார். என் பழைய விண்ணப்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அந்தச் சிவப்பு எழுத்தின் மேல் ஒரே கோடாக அடித்துக் கையெழுத்தும் போட்டார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், போனில் சொன்னால் சரியாக வராது. ஏப்ரலில் அந்த அறையை விட்டு வெளியே வந்தபோது யார் தோற்றார்கள் என்றே எனக்குத் தெரியவில்லை. நானா, மெஷினா, என் வயசா, ஒன்றும் புரியாமல் இரண்டு மாதம் என்னையே தின்றுகொண்டிருந்தேன். இந்தத் தடவை தோற்றது நான்தான். என் பத்து விரலும் மூன்று வார்த்தை மெதுவாக ஓடின. அது என்னவென்று தெரிகிறது, அதைச் சரிசெய்யவும் தெரிகிறது.

டைப்பிங் பழக ஏதாவது இருந்தால் உடனே அனுப்புங்கள். இலவசமானதா, விலை கொடுத்து வாங்குவதா என்பதெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நாளையிலிருந்தே தொடங்க வேண்டும்.

அண்ணி